எஸ்போசிட்டோ என்ற பெயரை வரைபடத்தில் வைத்தபோது

டொராண்டோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி நேப்பிள்ஸில் பிறந்தவர். 1956-இல், பத்து வயதில், அப்பா அம்மாவோடு கப்பலேறி ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார். அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம் தொங்குகிறது. சிவப்பும் பொன்னிறமுமாக ஒரு கேடயம், மேலே போர்வீரன் தலைக்கவசம், கீழே சுருண்ட துணியில் 'எஸ்போசிட்டோ'. அது அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வணிக வளாகக் கடையில் பணம் கொடுத்து வாங்கியதாம்.

போன குளிர்காலத்தில் காபி குடிக்கக் கூப்பிட்டவர், அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டார்: "பேரப்பிள்ளைகள் நாம் யார் வழி என்று கேட்கிறார்கள். நீ கம்ப்யூட்டர் வேலைதானே செய்கிறாய்? கொஞ்சம் தேடிப் பார்த்துச் சொல்லேன்."

எனக்குக் குடும்பப்பெயரே கிடையாது. அப்பா பெயரைத்தான் கனடாப் படிவங்களில் அந்தக் கட்டத்தில் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். ஒரே பெயர் நூற்றாண்டுக் கணக்கில் கைமாறி வருவது எனக்குப் புதிய விஷயம். அதனாலேயே ஆசையோடு ஒத்துக்கொண்டேன். நான்கு மாத மாலை நேரங்கள் போயின. எந்த இத்தாலியப் பெயரை எடுத்துத் தேடினாலும் வழி ஏறக்குறைய இதுதான் என்பதால், எங்கே இடறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வரைபடம் போடலாம் என்று தோன்றியது. இந்தப் பெயர் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று நிறம் தீட்டிக் காட்டினால் குழந்தைகளுக்குப் புரியும் என்று நினைத்தேன். வரைபடத்துக்கு இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ், கணக்குக்கு லிப்ரே ஆஃபீஸ். கருவி இவ்வளவுதான். கஷ்டம் எல்லாம் தரவில்தான்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2010 கணக்கெடுப்பிலிருந்து ஒரு குடும்பப்பெயர்க் கோப்பை வெளியிட்டிருக்கிறது. குறைந்தது நூறு பேருக்காவது உள்ள பெயர்கள் மட்டும் அதில் இருக்கும். அப்படியே 1,62,253 பெயர்கள். பதிவிறக்கித் தேடினேன், எஸ்போசிட்டோ கிடைத்தது. ஆனால் அந்தக் கோப்பு நாடு முழுவதற்குமான ஒரே கணக்கு. நியூயார்க்கில் எத்தனை, நியூ ஜெர்சியில் எத்தனை என்று பிரித்துக் காட்டாது. இன்னொன்று, பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில், இடைவெளியும் மேற்கோள் குறியும் இல்லாமல் ஒட்டி இருக்கும். சொரெண்டோ பக்கத்துப் பெயரான 'த'எஸ்போசிட்டோ' அங்கே 'தெஸ்போசிட்டோ' என்று ஒரே சொல்லாகி, டி எழுத்தின் கீழே போய் உட்கார்ந்திருக்கிறது. முதல் வாரம் முழுக்க அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. முதலெழுத்து உதிர்ந்த 'ஸ்போசிட்டோ'வும் அப்படித்தான் தப்பியது. எந்தப் பெயரைத் தேடுவதானாலும் அதன் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள். 'தி', 'தெ', 'தெல்லா' என்று தொடங்கும் இத்தாலியப் பெயர்களுக்கு இது இன்னும் அவசியம்.

பிரான்சின் கோப்பு அருமையானது. அங்குள்ள தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே, 1891 முதல் 2000 வரை பிரான்சில் பிறந்தவர்களின் குடும்பப்பெயர்களைப் பத்துப் பத்து ஆண்டாகவும் மாவட்டம் மாவட்டமாகவும் கொடுத்திருக்கிறது. இது பிறப்புக் கணக்கு. நேப்பிள்ஸில் பிறந்து மார்செய்க்கு வந்த மீனவர் இதில் வரமாட்டார், மார்செய்யில் பிறந்த அவர் மகள் வருவாள். எப்போது வந்தார்கள் என்பதைவிட எப்போது குடும்பமாக வேர்விட்டார்கள் என்பதைத்தான் இந்தக் கோப்பு சொல்கிறது.

அதை வரைபடத்தில் ஏற்றினேன். மார்செய் இருக்கும் மாவட்டம் அடர் நிறத்தில் வந்தது. நீஸ் இருக்கும் மாவட்டம் மட்டும் வெறும் வெள்ளை! இத்தாலி எல்லையை ஒட்டிய ஊர், 1860-இல்தான் பிரான்சோடு நிரந்தரமாகச் சேர்ந்த ஊர். அங்கே ஒரு எஸ்போசிட்டோகூட இல்லையா? இருக்க முடியாது. இரண்டு மாலை மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் தவறு ஒரு பூஜ்யத்தில். பிரெஞ்சு மாவட்டங்களுக்கு எண் உண்டு. நீஸின் மாவட்டம் 06. கணக்குத்தாளில் கோப்பைத் திறந்ததும் அது 06-ஐ எண் என்று எடுத்துக்கொண்டு, முன்னாலிருந்த பூஜ்யத்தை உதறிவிட்டு 6 ஆக்கியிருக்கிறது. வரைபடக் கோப்பிலோ 06 அப்படியே இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை. 01 முதல் 09 வரை ஒன்பது மாவட்டங்களும் இப்படியே காணாமல் போயிருந்தன. கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை 'உரை' என்று குறித்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. திரும்பப் போட்டதும் நீஸ் நிறம் பிடித்தது.

அப்புறம் இன்னொரு திருத்தம். எண்ணிக்கையை அப்படியே நிறமாக்கினால் ஜனம் நிறைந்த இடமெல்லாம் கறுத்துத் தெரியும், பெயர் எங்கே அடர்த்தி என்பது தெரியாது. அங்கே பதிவான மொத்தப் பிறப்புகளால் வகுத்து, லட்சத்துக்கு எத்தனை என்று மாற்றிக்கொண்டேன். அதன் பிறகு தென்கடற்கரை தனியாகத் தெரிந்தது. தென் இத்தாலிய மீனவர்கள் வலையோடு வந்து தங்கிய கரை அது. அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலுள்ள ப்ரோச்சிதா தீவு மீனவர்கள் மெர்ஸ் எல் கெபீரில் குடியேறினார்கள். 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றதும் அவர்களில் பலர் வந்து சேர்ந்ததும் இதே கரைக்குத்தான்.

அர்ஜென்டினாவில் வேறு மாதிரி சிக்கல். ஸ்பானிய மொழியில் 'எக்ஸ்போசிட்டோ' என்று, எஸ் இடத்தில் எக்ஸ் போட்ட ஒரு குடும்பப்பெயர் இருக்கிறது. பொருளும் ஒன்று, லத்தீன் வேரும் ஒன்று, ஆனால் அது ஸ்பெயினிலேயே பிறந்த பெயர். தேடுபொறி இரண்டையும் சேர்த்துக் கொட்டிவிடும். நான் கண்ணை ஓட்டிப் பிரித்தேன். ஒரு நல்ல அடையாளம் கிடைத்தது. இத்தாலியர் இந்தப் பெயரை 'போ'வில் அழுத்திச் சொல்வார்கள். ஸ்பானிய எழுத்து விதிப்படி அந்த அழுத்தத்துக்கு மேலே ஒரு கோடு போட்டாக வேண்டும். அதனால் பியூனஸ் அயர்ஸில் எஸ் போட்டு எழுதி, 'ஓ' மேலே ஒரு சின்னக் கோடும் இருந்தால் அது பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்த குடும்பம். வட அமெரிக்காவில் அந்தக் கோடு இல்லை. அழுத்தம் 'சி'க்கு நழுவிவிட்டது. பாட்டியே வெளியில் பேசும்போது 'எஸ்போ-சீ-ட்டோ' என்கிறார், அம்மாவை நினைத்துப் பேசும்போது 'எஸ்-போ-சிட்டோ' என்கிறார். இரண்டும் ஒரே வாயில் வருவதைக் கேட்டிருக்கிறேன்.

கனடாவுக்கு அப்படி ஒரு பொதுக் கோப்பு எனக்குக் கிடைக்கவில்லை. டொராண்டோவின் பழைய மைட்ஸ் நகர விவரப் புத்தகங்களை நூலகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. வருட வாரியாகப் பெயர், தொழில், தெரு எல்லாம் இருக்கும். இரண்டாம் உலகப்போருக்கு முந்திய புத்தகத்தையும் 1960-களின் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நடந்தது தெரிகிறது. போருக்குப் பிறகு வந்த இத்தாலியர்கள்தான் இந்த ஊரின் பாதிச் செங்கல்லை அடுக்கியவர்கள். ஒன்டாரியோ மாநிலத்தின் வடபகுதியிலுள்ள சூ செயின்ட் மேரி ஊருக்கு இத்தாலியர்களை அதற்கு முன்பே இரும்பாலை இழுத்திருந்தது. கனடாவில் யாரைக் கேட்டாலும் எஸ்போசிட்டோ என்றதும் ஐஸ் ஹாக்கி வீரர்களான ஃபில், டோனி சகோதரர்களைத்தான் சொல்வார்கள். அவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

சரி, இப்போது இத்தாலி. அங்கே மிக அதிகமாக உள்ள முதல் பத்துக் குடும்பப்பெயர்களில் எஸ்போசிட்டோவும் ஒன்று. நிறம் தீட்டியதும் நேப்பிள்ஸைச் சுற்றியுள்ள கம்பானியா மாநிலம் கன்னங்கறுப்பாகிவிட்டது. இவ்வளவு பேர், இவ்வளவு நெருக்கமாக! முதலில் எனக்கு அது ஒரு பெரிய குலமாகத்தான் பட்டது. பெயரின் பொருளைத் தேடிப் போனபோதுதான் மனம் கனத்தது.

லத்தீனில் 'எக்ஸ்போசிட்டுஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டவன். நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா என்ற தேவாலயமும் அதைச் சேர்ந்த அனாதை இல்லமும் உண்டு. அதன் தெருச்சுவரில் ஒரு திறப்பு, அதற்குள் சுழலும் மர உருளை. அதை ரூவோத்தா, அதாவது சக்கரம் என்பார்கள். வளர்க்க முடியாத குழந்தையை இரவில் கொண்டுவந்து அதில் வைத்துச் சுழற்றினால், உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். வைத்தவர் முகத்தை யாரும் பார்க்கத் தேவையில்லை. அப்படி வந்த குழந்தைகளுக்கு வைத்த பெயர்தான் எஸ்போசிட்டோ. ஊரார் அவர்களை மாதாவின் பிள்ளைகள் என்றார்கள். அந்தச் சக்கரத்தை 1875-இல் மூடினார்கள்.

மற்ற ஊர்களில் வேறு பெயர்கள். ஃப்ளாரன்ஸில் 1445-இல் திறந்த இல்லத்தின் பெயரால் இன்னொச்செந்தி. ரோமில் ப்ரொயெத்தி. பொலோன்யாவில் தெல்யி எஸ்போஸ்தி. மிலானின் பெரிய மருத்துவமனைக்குச் சின்னம் புறா, அதனால் அங்கே விடப்பட்ட குழந்தைகள் கொலொம்போ. இதைப் படித்த பிறகு என் வரைபடத்தைத் திரும்பப் பார்த்தேன். நான் ஒரு வம்சம் பரவியதாக நினைத்துத் தீட்டிய கறுப்பு, எந்த இல்லம் எந்தப் பெயரைக் கொடுத்தது என்பதன் நிழல். கம்பானியாவில் இரண்டு எஸ்போசிட்டோக்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தாலும் ரத்த உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக, ஒரு குழந்தையிலிருந்து தொடங்குகிறது.

கேடயம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குலச்சின்னம் என்பது ஒரு குறிப்பிட்ட குடும்ப வழிக்கு உரியது. குடும்பப்பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் அது சேராது. இதை எப்படிப் பாட்டியிடம் சொல்வது என்று ஒரு வாரம் தயங்கினேன். சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. "என் அம்மா ஒரு தடவை இந்தக் கதையை மெதுவாகச் சொன்னாள், அப்பா அதட்டிவிட்டார்" என்றார். "அப்படியானால் அந்தக் குழந்தை யார் என்று கண்டுபிடி."

வரைபடம் இதற்கு உதவாது. ஆவணம்தான் வேண்டும். இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் 'அந்தெனாத்தி' என்ற இணையதளத்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படம்பிடித்து இலவசமாக வைத்திருக்கின்றன. நெப்போலியன் காலத்துச் சட்டப்படி நேப்பிள்ஸ் நாட்டில் 1809-இல் குடிமைப் பதிவு தொடங்கியது. பாட்டியிடம் அவருடைய அப்பாவழித் தாத்தா ஜென்னாரோவின் 1886 பிறப்புச் சான்று இருந்தது. அதை நூல்முனையாகப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

நேப்பிள்ஸ் நகரப் பதிவேடுகள் பேட்டை பேட்டையாக இருக்கின்றன. எங்களுடையது மெர்காத்தோ, சந்தைப் பேட்டை. நான் புரட்டிய பழைய பதிவேடு ஒன்றில் கடைசியில் உள்ள அட்டவணை குடும்பப்பெயர் வரிசையில் இல்லை, முதற்பெயர் வரிசையில் இருந்தது. ஜென்னாரோ என்று தேடினால் அந்த ஊரின் காவல் புனிதர் பெயர் கொண்ட அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள், அதில் எஸ்போசிட்டோவும் பலர். எப்படிப் பிரிப்பது? தாயின் பெயரை வைத்து. இத்தாலியப் பதிவுகளில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடேயே இருப்பார்கள். தாயின் முதற்பெயரும் குடும்பப்பெயரும் தெருப் பெயரும் மூன்றும் பொருந்தினால்தான் நம் ஆள்.

கையெழுத்தில் நான் செய்த பெரிய தவறு மாதங்களில். 7 என்று போட்டுப் பக்கத்தில் 'ப்ரே' என்று எழுதியிருந்ததை ஜூலை என்று எடுத்துக்கொண்டேன். இத்தாலியில் செப்டம்பர் 'செத்தெம்ப்ரே', 'செத்தே' என்றால் ஏழு. அதனால் அது செப்டம்பர். 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், ரோமானிய எண் பத்தைப் போட்டால் டிசம்பர். இது தெரியாமல் மூன்று வருடப் பதிவேடுகளைத் தப்பான மாதத்தில் புரட்டியிருக்கிறேன்.

இன்னொரு சின்னச் சொல் மிகவும் கைகொடுத்தது. 'தி ஜென்னாரோ' என்று எழுதினால் ஜென்னாரோவின் மகன், தகப்பன் உயிரோடு இருக்கிறார். 'ஃபு ஜென்னாரோ' என்று எழுதினால் காலஞ்சென்ற ஜென்னாரோவின் மகன். 1823-இல் வேறொரு பதிவில் சாட்சியாகக் கையெழுத்திட்ட வின்சென்ஸோவின் பெயருக்கு அடுத்து 'ஃபு' இருந்தது. அப்படியென்றால் அவர் அப்பா அதற்குள் இறந்துவிட்டார். இறப்பைத் தேட வேண்டிய கால எல்லை ஒரே எழுத்துக்கூட்டில் சுருங்கிவிட்டது.

பெயர்கள் மாறி மாறி வந்தன: ஜென்னாரோ, வின்சென்ஸோ, ஜென்னாரோ, வின்சென்ஸோ. முதல் மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது அவர்கள் வழக்கம். பெயரன் என்பதுதான் நம் மொழியில் பேரன் ஆயிற்று என்று பாட்டியிடம் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

1809-க்கு முன்னால் எப்படிப் போவது? இதற்குத்தான் 'ப்ரொச்செஸெத்தி' என்ற கட்டுகள். திருமணப் பதிவோடு இணைத்த துணை ஆவணங்கள் இவை. மணமகனின் ஞானஸ்நானப் பதிவு நகல் இருக்கும். அப்பா இறந்திருந்தால் அவர் இறப்பு நகல். அப்பா இல்லாதபோது சம்மதம் தர வேண்டியவர் தாத்தா என்பதால், தாத்தாவும் இல்லையென்றால் அவர் இறப்பு நகலும் இருக்கும். ஒரு ஏழைத் தொழிலாளியின் கல்யாணத்துக்குள் மூன்று தலைமுறை அடங்கியிருக்கிறது. தென் இத்தாலியில் தேடுகிறவர்கள் பிறப்புப் பதிவேட்டை விட்டுவிட்டு முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்று இப்போது சொல்வேன். எனக்கு இது தெரிந்தது மூன்றாவது மாதத்தில்.

1824-இல் நடந்த வின்சென்ஸோவின் திருமணக் கட்டு. படங்கள் பன்னிரண்டு. முதலில் அவருடைய 1798 ஞானஸ்நான நகல். அப்புறம் அப்பா ஜென்னாரோவின் இறப்பு, 1819. அதற்கடுத்த படத்தில் தாள் ஓரம் அரித்திருந்தது, பின்பக்க மை முன்பக்கம் ஊறியிருந்தது. படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, வரி வரியாகப் படித்தேன். தாத்தாவின் இறப்பு. 1811. பெயர் வின்சென்ஸோ எஸ்போசிட்டோ. வயது சுமார் 66. தொழில் 'ஃபக்கீனோ', சுமை தூக்குபவர். வழக்கமாகத் தகப்பன் பெயரும் தாய் பெயரும் வரவேண்டிய இடத்தில் இரண்டே சொல்: 'ஜெனித்தோரி இன்யோத்தி'. பெற்றோர் தெரியாது.

1745 வாக்கில் பிறந்தவர் என்றாகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெப்போலியனின் மைத்துனர் முரா நேப்பிள்ஸ் அரசராக இருந்த காலத்தில், விடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போசிட்டோ என்று பெயர் வைப்பதையே தடுத்துவிட்டார்கள். பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயர் வேண்டாம் என்று, பதிவு அலுவலர்கள் புதுப்புதுப் பெயர்கள் கற்பிக்கத் தொடங்கினார்கள். ஆகவே இன்று இந்தப் பெயர் உள்ள அநேகமாக எல்லா வழிகளிலும் அந்த முதல் குழந்தை அதற்கு முந்தியதுதான். பொதுப் பதிவேடுகளில் தேடினால் அகப்படாது. இல்லத்தின் சொந்தப் பதிவேட்டில்தான் இருக்க வேண்டும். அதற்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

பக்கத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து ஒரு சனிக்கிழமை கொண்டுபோனேன். பாட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரியின் கீழே வைத்து, சத்தமாக இத்தாலிய மொழியில் படித்தார். நான் இரண்டு மணி நேரம் போராடிய வரி அவருக்கு அரை நிமிடம். 'இன்யோத்தி'யில் விரல் கொஞ்சம் நின்றது. அப்புறம் திரும்ப மேலே போய், பெயரின் மேல் வந்தது.

"வின்சென்ஸோ என்று யார் வைத்திருப்பார்கள்?"

அம்மா துணியில் சீட்டு எழுதி வைத்திருக்கலாம், இல்லையென்றால் இல்லத்தில் இருந்தவர்கள் வைத்திருக்கலாம் என்றேன். சிலர் குழந்தையோடு பாதியாக வெட்டிய பதக்கத்தையோ படத்தையோ வைத்துவிட்டுப் போவார்கள், என்றைக்காவது திரும்பி வந்தால் மற்றப் பாதியைக் காட்டி அடையாளம் சொல்ல. அதையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து வாசல் கதவைத் திறந்தார். வெளியே அவருடைய இரண்டாவது மகன், அம்மாவழித் தாத்தா பெயர் வைக்கப்பட்டவர், பாதையில் பனியை வாரிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் அவரை வின்ஸ் என்றுதான் கூப்பிடுகிறது.

"வின்சென்ஸோ," என்று முழுப்பெயரில் கூப்பிட்டார் பாட்டி, "மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வா."